மதுரையில இருந்து சென்னைக்கு, ஓவியம் சிற்பம் பாக்க மூணு நாள்: பசங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு

காலேஜ் பசங்கள சென்னைக்கு ஆர்ட் பாக்க கூட்டிட்டு போகணும், எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னு ரெண்டு மூணு பேரு கேட்டுட்டே இருந்தாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி வாய் வலிச்சிருச்சு, அதான் ஒரேடியா எழுதிடுறேன். நான் இதுவரைக்கும் நாலு தடவ கூட்டிட்டு போயிருக்கேன். விஸ்காம் பசங்க, ஹிஸ்டரி பசங்க, ஒரு தடவ காமர்ஸ்ல இருந்துகூட நாலு பேரு ஒட்டிக்கிட்டு வந்தாய்ங்க. ஓவியம்னா என்னன்னே தெரியாத பசங்கதான் முக்கால்வாசி. அதனால இது ஆர்ட் படிச்சவங்களுக்கு எழுதுனது கெடையாது, மொத தடவ போற கூட்டத்துக்கு.

மொதல்ல கெழமைய பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். நான் மொத தடவ போனப்ப வியாழக்கெழம ராத்திரி பாண்டியன் ரயில்ல ஏறி வெள்ளிக்கெழம விடியக்காலைல எக்மோர்ல எறங்கி, குளிச்சு கிளிச்சு பதினெட்டு பேர வரிசையா நடத்தி கூட்டிட்டு போயி மியூசியம் கேட்டுல நின்னா பூட்டு. எக்மோர் மியூசியத்துக்கு வெள்ளிக்கெழம லீவு. தப்பு முழுக்க என்னோடதுதான், ஒரு போன் போட்டு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ஒரு பய "சார் மாட்டுத்தாவணில இருந்தே பூட்ட பாக்க வந்தோமா"ன்னு கேட்டான், மாட்டுத்தாவணிங்குறது எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு, நாங்க வந்தது ரயில்ல, ஆனா கேள்வி சரிதான்.

கணக்கு இப்படி: வெள்ளி மியூசியம் லீவு, செவ்வாய் தட்சிணசித்ரா (முட்டுக்காட்டுல பழைய வீடுகள வச்சிருக்குற எடம்) லீவு, ஞாயித்துக்கெழம கேலரி நெறைய தெறக்க மாட்டாங்க, ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கி பாக்குற எடமெல்லாம் சனி ஞாயிறு நடக்காது. எல்லாத்தையும் கழிச்சு பாத்தா ஞாயித்துக்கெழம ராத்திரி மதுரைல ஏறி, திங்கள் செவ்வாய் புதன் மூணு நாள் பாத்துட்டு, புதன் ராத்திரி எக்மோர்ல ஏறி வியாழன் காலைல மதுரைல எறங்குறதுதான் ஒழுங்கா உக்காருது. அரசு விடுமுறை ஏதும் நடுவுல வருதான்னு மட்டும் காலண்டர பாத்துக்கங்க.

ஞாயித்துக்கெழம ராத்திரி ரயிலுக்கு சென்னைல வேல பாக்குற ஊர்ப்பய பூராவும் ஏறுவான். ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்னாடி தெறக்குது, அன்னைக்கே போட்ருங்க. ஒரு டிக்கெட்ல ஆறு பேருக்கு மேல போட முடியாது, அதனால பசங்கள ஆறு ஆறா பிரிச்சுக்கங்க, அதே ஆறு பேருதான் மூணு நாளும் ஒரு குரூப்பு, தல எண்ணுறதுக்கும் ஈஸி. மாணவர் சலுகை இருக்கு, காலேஜ் லெட்டர்பேட்ல எழுதி பிரின்சிபால் சீல் வாங்கி ஸ்டேஷன்லயே போயி கேளுங்க, கடைசி வாரத்துல போயி நிக்காதீங்க. பஸ்ல போலாம்னு சில பேரு சொல்வாங்க, இப்ப பஸ்ஸு கிளாம்பாக்கத்துலயே எறக்கி விட்ருது, அங்கருந்து எக்மோர் வர்றதுக்குள்ள பாதி கூட்டம் தூங்கி விழுந்துரும். ரயில்னா எறங்குன எடத்துல இருந்து மியூசியம் நடந்தே போற தூரம், எக்மோர் கென்னட் லேன் பக்கம் லாட்ஜும் வரிசையா இருக்கு. ஸ்டேஷன்ல வேல நடக்குறப்ப சில ரயில தாம்பரத்தோட நிறுத்துறதும் உண்டு, கெளம்புறதுக்கு மொத நாள் ஒரு தடவ பாத்துருங்க.

போறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி, மதுரையிலயே

இத யாரும் செய்றதில்ல, ஆனா இதுதான் எனக்கு முக்கியம். சென்னைல போயி நின்னதும் பசங்களுக்கு கண்ணு தெறந்துராது. பாக்குறதுக்கு பழகணும், பழகுறதுக்கு நம்ம ஊர விட தோதான எடம் கெடையாது.

மீனாட்சி கோயிலுக்குள்ள செல்போன் விட மாட்டாங்கல்ல, அத அப்படியே பயன்படுத்திக்கங்க. எல்லாரையும் கம்பத்தடி மண்டபத்துல மீனாட்சி கல்யாண சிற்பம் இருக்கே அதுக்கு முன்னாடி இருவது நிமிஷம் நிக்க வைங்க. பேசக்கூடாது, வரையக்கூடாது, பாக்கணும் அவ்வளவுதான். வெளிய வந்து சித்திர வீதில ஓரமா உக்காந்து ஞாபகத்துல இருந்து வரைய சொல்லுங்க. நான் கோயிலுக்கு போறதுக்கு முன்னாடியே பசங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன், அந்த சிற்பத்துல நடுவுல நிக்கிறது யாருன்னு. பொறந்ததுல இருந்து பாத்த சிலை, பத்திரிகைல காலண்டர்ல பாத்த சிலை, பாதிப்பேரு சொக்கர்னாய்ங்க, ஒருத்தன் பெருமாள்னான். நடுவுல தலைய லேசா குனிஞ்சு நிக்கிறது மீனாட்சி, ஒரு பக்கம் சொக்கர், இன்னொரு பக்கம் பெருமாள் தாரை வாக்குறாரு. போயி பாத்துட்டு வந்து எல்லாவனுக்கும் ஒரே வெக்கம். அந்த வெக்கம் நல்லது, டூர் முழுக்க வேல செய்யும். அந்த படத்தையெல்லாம் வாங்கி பத்திரமா வச்சுக்கங்க, அப்புறம் வேணும்.

இன்னொரு நாள் விளாச்சேரி போங்க, திருப்பரங்குன்றம் பக்கந்தான், கொலு பொம்ம செய்யுற ஊரு. இது வேற காரணத்துக்கு. கலைஞர்கிட்ட எப்படி பேசுறதுன்னு பசங்களுக்கு தெரியாது. "இது செய்ய எவ்வளவு நாள் ஆகும்"ங்குறத தவிர வேற கேள்வி வராது. விளாச்சேரில மண்ணு எங்கருந்து எடுக்குறீங்க, அச்சு யாரு செஞ்சது, கண்ணு மட்டும் ஏன் கடைசில வைக்கிறீங்கன்னு கேட்டு பழகிட்டா, சென்னைல ஒரு சிற்பியப் பாக்குறப்ப வாய் தானா தெறக்கும். அவங்க வேலைய கெடுக்காம சீசன் இல்லாத நேரமா போங்க, போனா ஆளுக்கு ஒரு பொம்மையாவது வாங்குங்க. நேரம் இருந்தா கீழக்குயில்குடி சமணர் மலையும் சேத்துக்கலாம், செட்டிப்புடவு குகைகிட்ட பாறைல பெருசா உக்காந்திருக்காரே தீர்த்தங்கரர், அந்த மொகத்துல வெளிச்சம் எப்படி நகருதுன்னு பாத்தாலே போதும்.

அப்புறம் லெட்டர். சென்னைல இருக்குற அரசு கவின் கலைக் கல்லூரிக்கு ஒண்ணு, கிரீம்ஸ் ரோட்ல இருக்குற, மத்திய அரசோட கலை அமைப்பான லலித் கலா அகாடமி மண்டல மையத்துக்கு ஒண்ணு, எந்த தேதி, எத்தன பேரு, என்ன பாக்கணும்னு தெளிவா எழுதி மூணு வாரத்துக்கு முன்னாடியே அனுப்பிருங்க, பதில் வரலேன்னா போன் போடுங்க, திரும்ப போடுங்க. கூச்சப்படாதீங்க.

ஆளுக்கு ஒரு நோட்டு, பென்சில் ரெண்டு, ரப்பர். பேனா வேண்டாம், மியூசியத்துல இங்க் சிந்துனா அவங்க பதறுவாங்க. நல்ல செருப்பு. புது ஷூ போட்டு வந்த பயலாலதான் எனக்கு எல்லா தடவையும் லேட் ஆச்சு.

திங்கள்: எக்மோர் மியூசியம்

ரயில் விடியிறதுக்குள்ள எறக்கி விட்ரும். ரூம்ல குளிச்சு சாப்ட்டுட்டு ஒம்போதரைக்கு மியூசியம் வாசல்ல இருங்க. (இட்லிய பத்தி நான் எதுவும் சொல்லல, பசங்களே சொல்லுவாய்ங்க, வழி பூரா சொல்லுவாய்ங்க.)

1851ல ஆரம்பிச்ச மியூசியம் இது, வளாகம் பெருசு, தொல்லியல், விலங்கு, தாவரம், காசுன்னு கட்டடம் கட்டடமா போகும். எல்லாத்தையும் பாக்கணும்னு நெனச்சா ஒண்ணும் பாக்க மாட்டீங்க. ரெண்டு எடம் போதும், வெண்கல சிலைகள் இருக்குற கட்டடம், அப்புறம் அமராவதி சிற்பங்கள். திமிங்கல எலும்புக்கூட பாக்கணும்னு பசங்க கெஞ்சுவாய்ங்க, கடைசி பத்து நிமிஷத்துல விட்ருங்க, பாவம்.

வெண்கல சிலைகிட்ட போனதும் நான் பசங்ககிட்ட ஒண்ணு சொல்லுவேன். இதெல்லாம் உற்சவர். பீடத்துல ஓட்ட, வளையம் இருக்கு பாருங்க, கம்பு கோத்து கட்டி தூக்குறதுக்கு. சித்திரத் திருவிழால நீங்க பாக்குறப்ப பட்டு, மால, நகன்னு மூடி மொகம் மட்டுந்தான் தெரியும், உடம்ப பாத்திருக்கவே மாட்டீங்க. இங்க ஒரு துணி இல்லாம நிக்குது, அந்த ஆசாரி வார்த்த இடுப்பு, முட்டி, வெரலு எல்லாத்தையும் இப்பத்தான் மொத தடவ பாக்குறீங்க. இத சொன்னதும் நம்ம ஊரு பசங்க சட்டுன்னு அமைதியாவாய்ங்க. கோயில் ஊருல வளந்தவனுக்கு இது ஒடனே புரிஞ்சுரும், வெளியூர்க்காரனுக்கு அரமணி நேரம் வெளக்கணும்.

அங்க திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் இருக்காரு, 11ம் நூற்றாண்டு, சோழர் காலம். குரூப்புக்கு ஒரு மணி நேரம் இந்த ஒரே சிலைதான். என்னது ஒரு மணி நேரமான்னு கேப்பாய்ங்க, விட்டுக்குடுக்காதீங்க. மொத பத்து நிமிஷம் மொனகுவாய்ங்க, அடுத்த பத்து நிமிஷம் சுத்தி சுத்தி நடப்பாய்ங்க, அதுக்கப்புறந்தான் பாக்க ஆரம்பிப்பாய்ங்க. போன தடவ ஒரு காமர்ஸ் பையன் ரொம்ப நேரம் கழிச்சு மெதுவா வந்து "சார், கை மூணுதான் இருக்கு, ஒண்ணு ஒடஞ்சிருச்சா"ன்னு கேட்டான். ஒடையல தம்பி, சிவன் பக்கம் ரெண்டு கை, அம்பாள் பக்கம் ஒரு கை, அப்படியே செஞ்சதுதான். ஆனா மூணு கைன்னு பாத்ததும் கண்ணுக்கு கோணலா படவே இல்லல்ல, ஏன் படல, இடுப்ப எந்த பக்கம் தள்ளி வச்சிருக்கான், எந்த முட்டி மடங்கியிருக்குன்னு பாருன்னு சொல்லிட்டு விட்டுட்டேன். அவன் நோட்டுல அந்த சிலைய எட்டு தடவ வரஞ்சிருந்தான், எட்டும் கேவலமா இருந்துச்சு, ஆனா எட்டாவதுல இடுப்பு சரியா விழுந்திருந்துச்சு.

திருவாலங்காட்டு நடராஜரும் அங்கதான். பிரெஞ்சு சிற்பி ரோதான் இந்த சிலைய நேர்ல பாத்ததில்ல, போட்டோவ பாத்தே சொக்கிப்போயி ஒரு கட்டுரை எழுதுனாரு. நீங்க நேர்ல நிக்கிறீங்க, அதனால போன உள்ள வைங்க. இந்த சிலைங்கள எப்படி செஞ்சாங்கன்னும் சொல்லுங்க: மெழுகுல உருவம் செஞ்சு, மேல மண்ணு பூசி, சூடு பண்ணி மெழுக உருக்கி வெளிய விட்டு, அந்த வெத்து எடத்துல உலோகத்த ஊத்துறது, அப்புறம் மண்ண ஒடச்சு எடுக்குறது. ஒரு மண்ணு அச்சுல ஒரு சிலைதான் வரும். விளாச்சேரி அச்ச பாத்துட்டு வந்திருந்தா வித்தியாசத்த அவய்ங்களே சொல்லிருவாய்ங்க, அங்க ஒரு அச்சுல நூறு பொம்ம வருதே.

அமராவதி சிற்பங்கள் ஆந்திரால இருந்த பௌத்த ஸ்தூபியோடது, சுண்ணாம்புக்கல்லு. அதுல ஒரு பகுதி இங்க, இன்னொரு பகுதி லண்டன்ல. அது ஏன் லண்டன்லன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, மதிய சாப்பாடு பூரா அந்த சண்டதான், நான் ஒண்ணும் சொல்லல, நல்லா சாப்ட்டேன்.

மத்தியானம் பெரியமேடு. 1850ல அலெக்சாண்டர் ஹன்டர்ங்குற டாக்டர் ஆரம்பிச்ச ஓவியப் பள்ளிதான் இப்ப அரசு கவின் கலைக் கல்லூரி. இங்க ஒரு சங்கிலிய பசங்க நோட்டுல எழுத வைங்க, மூணு நாளுக்கும் அதுதான் கயிறு. 1929ல தேவி பிரசாத் ராய் சௌத்ரி இந்த பள்ளிக்கு தலைவரா வந்தாரு, அந்த நாற்காலில உக்காந்த மொத இந்தியர். அவருகிட்ட படிச்சவரு கே.சி.எஸ். பணிக்கர், கோயமுத்தூர்ல பொறந்தவரு, 1957ல குருவுக்கு அடுத்து அவரே முதல்வர் ஆனாரு. பணிக்கர்கிட்ட படிச்சவங்கதான் பின்னாடி சோழமண்டலம்ங்குற ஓவியர் கிராமத்துக்கு போனவங்க. நாளைக்கு குரு செஞ்சத பாப்போம், நாளான்னைக்கு சிஷ்யன் கட்டுன ஊர பாப்போம். பர்மிஷன் கெடச்சா ஸ்டூடியோக்குள்ள போயி அங்க படிக்கிற பசங்களோட நம்ம பசங்கள தனியா பேச விட்ருங்க, நீங்க போயி டீ குடிங்க. வாத்தியார் நின்னா எவனும் பேச மாட்டான்.

செவ்வாய்: பீச்சு, கிரீம்ஸ் ரோடு, கேலரி

விடிய அஞ்சரைக்கு எழுப்புங்க, திட்டுவாய்ங்க. மெரினால உழைப்பாளர் சிலை, ராய் சௌத்ரி செஞ்சது, 1959ல வச்சது. நாலு பேரு ஒரு பாறைய நெம்புறாங்க. இந்தியால மொத மே தினம் 1923ல சிங்காரவேலர் கொண்டாடுனதும் இதே கடற்கரைலதான். சூரியன் கடல்ல இருந்து வர்றதால காலைல அந்த ஒடம்புல நெழல் நல்லா விழும், முதுகு நரம்பு வரைக்கும் தெரியும், பத்து மணிக்கு மேல போனா தட்டையா தெரியும். நேத்து பாத்த சோழர் வெண்கலத்துல உடம்புல ஒரு நரம்பு தெரியாது, எலும்பு தெரியாது, இங்க எல்லாமே பொடச்சு நிக்குது, ரெண்டுலயும் எது பலமா இருக்குன்னு கேளுங்க. நான் இன்னும் வெண்கலம்னுதான் சொல்லுவேன், பசங்க ஒத்துக்குறதில்ல.

கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமிக்கு ஆயிரம் விளக்கு மெட்ரோல எறங்கிக்கலாம். கேலரில ஏதாவது கண்காட்சி ஓடும், ஆனா நீங்க கேட்டு பாக்க வேண்டியது அச்சு ஸ்டூடியோ. நமக்கு அச்சுன்னா சிவகாசி, பட்டன தட்டுனா லட்சம் காப்பி. இங்க உலோகத் தகட்டுல கீறி, ஆசிட்ல போட்டு அரிக்க விட்டு, மைய தடவி தொடச்சு, ஈரப் பேப்பர வச்சு உருளைக்கு அடில விட்டு கையால சுத்தி எடுப்பாங்க. எடுத்த பேப்பருக்கு அடில பென்சில்ல 3/10ன்னு எழுதியிருக்கும், பத்து காப்பி எடுத்ததுல இது மூணாவதுன்னு அர்த்தம். இத பரீட்ச மார்க்குன்னு நெனச்சு "பத்துக்கு மூணுதான் போட்ருக்காங்க, பாவம் சார்"னு ஒருத்தன் சொன்னான், நான் மூச்சு முட்ட சிரிச்சுட்டேன்.

மத்தியானம் நுங்கம்பாக்கம் பக்கம் ஒண்ணு ரெண்டு தனியார் கேலரி. இங்கதான் நம்ம பசங்க பயப்படுவாய்ங்க. கண்ணாடி கதவு, ஏசி, வெள்ள செவுரு, உள்ள ஒரே ஒருத்தர் லேப்டாப்ப பாத்துட்டு உக்காந்திருப்பாரு. டிக்கெட் எவ்வளவுன்னு வாசல்லயே நிப்பாய்ங்க. பொதுவா டிக்கெட் கெடையாது, யாரு வேணா போலாம், வாங்கணும்னு கட்டாயம் இல்ல. பெரிய கூட்டமா போறதால காலைலயே ஒரு போன் போட்டு சொல்லிருங்க, ஆறு ஆறு பேரா உள்ள போங்க, பேக்க முதுகுல மாட்டாம முன்னாடி மாட்டுங்க, திரும்புறப்ப ஏதாவது தட்டும். பக்கத்துல லேபிள்ல சிவப்பு பொட்டு ஒட்டியிருந்தா வித்துருச்சுன்னு அர்த்தம். ஆயுத பூஜைக்கு வச்ச குங்குமம்னு ஒரு புள்ள நெனச்சிருந்துச்சு. வெல பட்டியல் கேட்டா குடுப்பாங்க, கேளுங்க, ஓவியத்துக்கு இவ்வளவு காசான்னு பசங்க வாயப் பொளக்கட்டும், அதுல இருந்துதான் நல்ல கேள்வி வரும்: அதுல ஓவியருக்கு எவ்வளவு போகும், கேலரிக்கு எவ்வளவு போகும், வெல யாரு வைக்கிறது. உக்காந்திருக்கவர்கிட்டயே கேளுங்க. எங்ககிட்ட ஒரு தடவ ஒருத்தரு மொகம் குடுத்து பேசல, இன்னொரு எடத்துல ஒரு அம்மா ஒரு மணி நேரம் நின்னு சொல்லிக்குடுத்து டீ வாங்கிக் குடுத்தாங்க. ரெண்டும் நடக்கும்.

சாயங்காலம் காலேஜ் ரோடு அலையான்ஸ் பிரான்சேஸ்லயோ, ஜெர்மன்காரங்களோட கெத்தே இன்ஸ்டிடியூட்லயோ போட்டோ கண்காட்சி இருக்கான்னு பாத்துக்கங்க, இருந்தா போங்க, இல்லேன்னா பசங்கள விட்ருங்க, கால் வலிக்கும்.

கண்ணகி நகர் சுவர் ஓவியம் பாக்கணும்னு கேப்பாய்ங்க, இன்ஸ்டால பாத்திருப்பாய்ங்க. 2020 வாக்குல அடுக்குமாடி வீடுகளோட செவுத்துல பெருசு பெருசா வரஞ்சது. நல்லா இருக்கு. ஆனா அது நகரத்துக்குள்ள இருந்து தூக்கி கொண்டாந்து குடியேத்துன சனங்க வாழுற எடம், படத்துக்கு கீழ துணி காயுது, பிள்ளைங்க வெளையாடுது. போனா அங்க இருக்கவங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டு போட்டோ எடுங்க, அவங்கள கேக்காம அவங்கள எடுக்காதீங்க. செல்ஃபிக்கு மட்டும் போறதா இருந்தா போகாதீங்க.

புதன்: ஈசிஆர் (கிழக்கு கடற்கரை சாலை)

ரூம காலி பண்ணி லக்கேஜ லாட்ஜ்லயே வச்சுட்டு கெளம்புங்க. எக்மோர்ல இருந்து லோக்கல்ல ஒரே ஸ்டேஷன் பார்க், எறங்கி எதுத்தாப்புல நடந்தா பார்க் டவுன், அங்க பறக்கும் ரயில் புடிச்சா திருவான்மியூர். அப்புறம் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ, ஈஞ்சம்பாக்கம்.

சோழமண்டல ஓவியர் கிராமம். 1966ல பணிக்கர் தலைமைல அவரு மாணவர்களும் கூட்டாளிகளும் சேந்து ஆரம்பிச்சது. ஓவியம் வித்து பொழைக்க முடியாத காலம், அதனால மெழுகு வச்சு சாயம் போடுற பாத்திக் துணி, உலோக வேலன்னு கைவேல செஞ்சு வித்து அந்த காசுல கடலோரமா மணல் காட்ட வாங்குனாங்க. அப்ப அங்க ரோடு வசதி கூட ஒழுங்கா கெடையாது, இப்ப ஈசிஆர்ல ஒரு சென்ட்டு என்ன வெலைன்னு உங்களுக்கே தெரியும். பகல்ல கைவேல, மிச்ச நேரத்துல அவங்கவங்க ஓவியம். மேல படிச்சு என்ன பண்றதுன்னு கொழம்பி நிக்கிற பசங்களுக்கு இந்த மூணு நாள்ல இத விட பெரிய பாடம் எதுவும் இல்லன்னு நெனைக்கிறேன், நான் அத சொல்றதில்ல, அந்த துணி வித்த கதைய மட்டும் சொல்லிட்டு விட்ருவேன்.

உள்ள மெட்ராஸ் இயக்கத்து ஓவியங்களுக்குன்னே, அதாவது பணிக்கரும் அந்த கல்லூரிக்காரங்களும் சேந்து கெளப்புன புது பாணி ஓவியங்களுக்குன்னே மியூசியம் இருக்கு, வெளிய மரத்தடில சிற்பங்கள். பணிக்கரோட 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசை படத்த பாத்தா கணக்கு நோட்டு, ஜாதகக் கட்டம், எழுத்து மாதிரி ஏதோ, ஆனா படிக்க முடியாது. "இத நானே வரைவேன்"னு கண்டிப்பா ஒருத்தன் சொல்வான். சரி வரைன்னு அங்கயே நோட்ட குடுத்து உக்கார வைங்க. இருவது நிமிஷத்துல அவனுக்கே தெரியும் எந்த எடத்துல கோட்ட நிறுத்துறதுன்னு தெரியாம முழிக்கிறது. உலோகத்துல நந்தகோபால் செஞ்ச சிற்பங்களையும் பாருங்க, பணிக்கரோட பையன்தான், தகட்ட வெட்டி ஒட்டி, முன்பக்கம் மட்டும் பாக்குற மாதிரி, நம்ம கோயில் கவசம் ஞாபகம் வரும். சுத்தி இருக்குறது ஓவியர்கள் குடியிருக்குற வீடு, கதவ தட்டிராதீங்க. ஆபீஸ்ல முன்னாடியே கேட்டு யாராவது பேச சம்மதிச்சா பாக்கியம்.

அங்கருந்து இன்னும் தெக்க போனா முட்டுக்காடு, தட்சிணசித்ரா. 1996ல தெறந்தது, தென்னிந்திய வீடுகள அங்கங்க இருந்து பிரிச்சு கொண்டாந்து திரும்ப கட்டி வச்சிருக்காங்க. காரைக்குடி பக்கத்துல இருக்குற நமக்கு செட்டிநாட்டு வீடு பெருசா தெரியாது, அத தாண்டி கேரளா, கர்நாடகா வீடுகளுக்கு போங்க, மழைக்கு தக்கன கூர எப்படி மாறுதுன்னு பாருங்க. காலேஜ் ஐடி எடுத்துட்டு போங்க, மாணவர் டிக்கெட் கம்மி. ரெண்டு மணி நேரம் போதும்.

மாமல்லபுரம் இன்னும் கொஞ்ச தூரந்தான சார்னு அங்க வச்சு ஆரம்பிப்பாய்ங்க. போகாதீங்க. அது ஒரு நாளுக்கான எடம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடிப்போயி பாத்தா பாறையும் பாக்க மாட்டீங்க, ராத்திரி ரயிலையும் விட்ருவீங்க. ஈசிஆர்ல சாயங்கால ட்ராபிக் தெரியும்ல, அஞ்சு மணிக்கெல்லாம் திரும்பிருங்க.

செலவு, நாங்க போன தடவ ரயில், ரூம்ல நாலு பேரு, சாப்பாடு, உள்ளூர் போக்குவரத்து எல்லாம் சேத்து தலைக்கு 3000க்குள்ள முடிச்சோம், அசைவம் சாப்ட்டவன் அவன் காசுல சாப்ட்டான்.

திரும்பி வந்து அறிக்க எழுது, பத்து பக்கம்னு போட்டு கொல்லாதீங்க, கூகுள்ல இருந்து எடுத்து ஒட்டுவாய்ங்க. அதே வாரத்துல திரும்பவும் கம்பத்தடி மண்டபத்துக்கு கூட்டிட்டு போங்க, அதே இருவது நிமிஷம், அதே சித்திர வீதி, அதே மாதிரி ஞாபகத்துல இருந்து வரைய சொல்லுங்க. முன்னாடி வாங்கி வச்ச படத்தையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல டிபார்ட்மென்ட் செவுத்துல ஒட்டுங்க, பேரு போடாம. செலோடேப் டிபார்ட்மென்ட்ல இருக்காது, நீங்களே ஒண்ணு வாங்கிட்டு போயிருங்க.